நன்றாக ஓட்டத் தெரிந்தவனுக்கு 15 கிலோமீட்டர் ஒரு பெரிய விஷயமா?

நடுவழி

வீட்டில் மூன்று நாட்களாகச் சண்டை. தீர்ப்புச் சொல்ல ஆள் தேடி இங்கே வந்திருக்கிறேன்.

என் தம்பி கார் ஓட்டத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதுதான் எனக்குப் பயம். வேக வரம்பு 50 என்று பலகை வைத்த சாலையில் அவன் 65-க்குக் கீழே போய் நான் பார்த்ததில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருக்கும்.

கேட்டால் மூன்று பதில்கள் வைத்திருக்கிறான். வேகம் யாரையும் கொல்வதில்லை, ஓட்டத் தெரியாதவர்கள்தான் கொல்கிறார்கள் என்பது முதல் பதில். 15 கிலோமீட்டர் எல்லாம் ஒரு வித்தியாசமா என்பது இரண்டாவது. எல்லோரும் அந்த வேகத்தில்தான் போகிறார்கள், நான் மட்டும் மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான் என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு என்னிடம் பதிலே இல்லை. மற்ற இரண்டுக்கும் சொல்ல ஆரம்பித்தால் அது அறிவுரையாகிவிடுகிறது, அவன் இயர்போனை மாட்டிக்கொள்கிறான்.

அறிவுரை வேண்டாம். அவனால் மறுக்க முடியாத ஏதாவது இருந்தால் கொடுங்கள்.

நாலாம்கியர்

நான் உங்கள் தம்பி கட்சி. பலகையில் எழுதிய எண் ஆண்டவன் கட்டளை இல்லை. மழையில் 50 கூட அதிகம். வெயிலில், ஆளில்லாத அகலமான சாலையில் 65 ஒன்றுமே இல்லை. ஓட்டுகிறவன் கண்ணையும் மூளையையும் பயன்படுத்த வேண்டும். வேகமானியையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன்தான் எதிரே வருவதைப் பார்க்காமல் விடுவான்.

கணக்குவாத்தியார்

நடுவழி, இரண்டாவது பதிலை மட்டும் என்னிடம் விடுங்கள். தம்பியைக் காகிதமும் பேனாவும் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி டயர், ஒரே திறமையுள்ள ஓட்டுநர்கள். ஒருவர் 50, மற்றவர் 65. நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது. இருவரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. இது தாராளமான கணக்கு, பலருக்கு ஒன்றரை நொடி ஆகும்.

50-இல் வருபவர் அந்த ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடுகிறார். பிறகு காய்ந்த சாலையில் முழு பிரேக் போட்டு நிற்க இன்னொரு 14 மீட்டர். மொத்தம் 28. குழந்தை சரியாக 28-ஆவது மீட்டரில் இருந்தால், பம்பர் சட்டையை உரசும் தூரத்தில் கார் நிற்கிறது. எல்லோரும் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

65-இல் வருபவர் அதே ஒரு நொடியில் 18 மீட்டர் ஓடிவிட்டார். குழந்தைக்கு முன்னால் மீதியிருப்பது 10 மீட்டருக்கும் குறைவு. அவர் பிரேக்கை அழுத்தித்தான் இருக்கிறார், டயர் கதறத்தான் கதறுகிறது. 28-ஆவது மீட்டரில் அவருடைய கார் என்ன வேகத்தில் இருக்கும் என்று தம்பியை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். நான் கேட்ட மாணவர்களில் பெரும்பாலோர் 15 அல்லது 20 என்பார்கள். கூடுதலாக வைத்திருந்தது 15 தானே, அந்த 15 தானே மிஞ்ச வேண்டும் என்ற நினைப்பு.

விடை, 50. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் இடிக்கிறது.

பிரேக் வேகத்தைத் தின்பதில்லை, ஆற்றலைத் தின்கிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். நிற்பதற்கு முந்தைய கடைசிச் சில மீட்டர்களில்தான் வேகம் சடசடவென்று விழும். 65-இல் வந்தவருக்கு அந்தக் கடைசி மீட்டர்கள் கிடைக்கவே இல்லை.

நாலாம்கியர்

வாத்தியாரே, ஒரு சின்னத் திருத்தம். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று ஐ.நா.வின் வாகன விதியே இருக்கிறது. கூடுதலாகக் காட்டலாம். அதனால் பெரும்பாலான கார்கள் சற்றுக் கூட்டித்தான் காட்டுகின்றன. முள் 65-இல் நின்றால் வண்டி உண்மையில் 61, 62-இல் போகும்.

கணக்குவாத்தியார்

சரியான தகவல், ஒப்புக்கொள்கிறேன். 61 என்றே போடுவோம். அப்போது 42-இல் இடிப்பார்.

அந்த ஒரு நொடியையும் ஒன்றரை நொடியாக்கிப் பார்ப்போமா? 50 கார் நிற்கும் புள்ளி 35-ஆவது மீட்டருக்குப் போகும். 65 கார் அங்கே 53-இல் இருக்கும். பக்கத்துக் கார் பிரேக்கே போடாமல் போய் மோதியிருந்தால் எவ்வளவு வேகமோ, அதைவிட அதிகம்.

சும்மாஒருவன்

இதைப் படித்துவிட்டு வண்டிச் சாவியைத் தொடவே கூச்சமாக இருக்கிறது.

இரவுப்பணி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். கணக்கு எனக்கு வராது. அந்த 50 என்ற எண் எங்களிடம் வரும்போது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

விபத்து என்றால் ஒரு மோதல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூன்று நடக்கின்றன. வண்டி எதிலோ மோதுகிறது. உள்ளே இருப்பவரின் உடல் சீட் பெல்ட்டிலோ ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ மோதுகிறது. கடைசியாக, உடலுக்குள் இருக்கும் உறுப்புகள் எலும்புக்கூட்டுக்குள்ளேயே மோதுகின்றன. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் இரண்டாவது மோதலை மென்மையாக்கும். அதன் வழியாக மூன்றாவதும் ஓரளவு குறையும். ஆனால் கல்லீரலுக்குத் தனியாக யாரும் பெல்ட் போட முடியாது.

நடந்தே உள்ளே வந்தவரைப் பார்த்திருக்கிறேன். நெற்றியில் சிறு சிராய்ப்பு மட்டும். "எனக்கு ஒன்றுமில்லை சிஸ்டர், கூட வந்தவரைப் பாருங்கள்" என்றார். நாடித்துடிப்பு 130. உதடு வெளுத்திருந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்துகொண்டிருந்தது. அவர் பிழைத்தார். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் கதவு வரைகூட வருவதில்லை. தலைக்காயம் இன்னொரு ரகம். மண்டையோடு உடையாமலே மூளைக்குள் நரம்பிழைகள் அறுந்துபோகும். முதல் ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆள் விழிக்க மாட்டார். "ஸ்கேன் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் எழுந்திருக்கவில்லை?" என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்விக்கு எத்தனையோ முறை பதில் சொல்லியும் எனக்குப் பழகவில்லை.

நடந்து போகிறவர் மீது கார் மோதினால் இந்த வாய்ப்பு எதுவும் கிடையாது. பெல்ட் இல்லை, தகடு இல்லை. கார் முன்புறம் மோதும் வேகம் 50-லிருந்து 65 ஆனால் அவர் இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வியப்பாக இருக்கிறது, உங்கள் தம்பியின் அதே இரண்டு எண்கள்.

பாரவண்டி

இருபத்திரண்டு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். இரவுப்பணி அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கார்க்காரர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாரம் ஏற்றிய லாரி உங்களைப் போல் நிற்காது. காற்று பிரேக் என்றால் மிதித்தவுடன் பிடிக்காது. குழாயில் காற்று ஓடிச் சக்கரத்தைப் பிடிக்க அரை நொடி போலத் தாமதமாகும். 80-இல் அரை நொடி என்பது 11 மீட்டர். எனக்கு முன்னால் நான் விட்டுவைக்கும் இடைவெளி சும்மா கிடக்கும் இடமென்று நினைத்து வேகமாக வந்து உள்ளே செருகுகிறீர்கள். அந்த இடம்தான் என் பிரேக். அதைத்தான் எடுத்துக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது, இரவு. லோ பீம் போட்டு 80-இல் வருகிறீர்கள். அந்த வெளிச்சம் தெளிவாகக் காட்டுவது 40, 50 மீட்டர். 80-இல் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும், வாத்தியார் சொல்லட்டும்.

கணக்குவாத்தியார்

ஒன்றரை நொடி, காய்ந்த சாலை என்று வைத்தால் 69 மீட்டர். ஈரச் சாலையில் இன்னும் கூடும்.

பாரவண்டி

அப்படியானால் கண்ணுக்குத் தெரிந்த பிறகு நிற்கவே முடியாது. வெளிச்சத்தை முந்திக்கொண்டு ஓட்டுகிறார்கள். விளக்கில்லாத மாட்டு வண்டியோ, பஞ்சராகி நிற்கும் டிராக்டரோ இருக்காது என்ற நம்பிக்கையில்தான் வண்டி ஓடுகிறது. நம்பிக்கைக்கு பிரேக் கிடையாது.

நாலாம்கியர்

இப்போது எல்லோரும் என் மேல் பாய்வீர்கள், பரவாயில்லை. நான் வேறு இரண்டைக் கேட்கிறேன். ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் பல பகுதிகளில் வேக வரம்பே இல்லை. அங்கே எல்லோரும் செத்தா போகிறார்கள்? அப்புறம் நடுவழியின் தம்பி சொன்ன மூன்றாவது பதில். 1964-இல் டேவிட் சாலமன் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: சராசரி வேகத்தைவிட மிக மெதுவாகப் போகிறவர்களும் அதிகமாக விபத்தில் சிக்குகிறார்கள். கூட்டத்தின் வேகத்தோடு போவதுதான் பாதுகாப்பு.

வரைபடம்

இது என் துறை என்பதால் நுழைகிறேன். சாலை வடிவமைப்பில் வேலை.

முதலில் ஆட்டோபான். அங்கே பாதசாரி இல்லை, சைக்கிள் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, எதிர்த்திசை வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறது. அப்படியும் 1978 முதல் 130 என்று பரிந்துரை வேகம் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போய் விபத்தானால், தவறு எதிராளியுடையதாக இருந்தாலும் உங்கள் மேலும் ஒரு பங்குப் பொறுப்பு விழலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே ஜெர்மனியில் ஊருக்குள் வரம்பு 50. ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 100. மரணங்களில் பெரும்பகுதி நிகழ்வது ஆட்டோபானில் இல்லை, மரங்கள் வரிசையாக நிற்கும் அந்தச் சாதாரணச் சாலைகளில்தான். ஆட்டோபானை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்தச் சாலையின் வடிவத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். வேகத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வரக் கூடாது.

சாலமன் ஆய்வு. அதில் "மெதுவாகப் போனவர்கள்" கணக்கில் திரும்புவதற்காக வேகம் குறைத்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்களைப் பின்னாலிருந்து யாரோ இடித்திருந்தால் அது மெதுவாக ஓட்டியதன் குற்றமா? பிற்கால ஆய்வாளர்கள் திரும்பும் வண்டிகளைக் கழித்துப் பார்த்தபோது மெதுவேகத்தின் அபாயம் வெகுவாக வற்றிப்போனது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. 60 வரம்புள்ள சாலைகளில், 60-க்கு மேல் போகும் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும், காயம் உண்டாக்கும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. வரம்புக்குக் கீழே போனவர்களுக்கு அபாயம் கூடியதாக அதில் தெரியவில்லை.

கூட்டத்தின் வேகம் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்றவர்தான் கூட்டம் என்று நினைக்கிறார்கள். ஒரு சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் உயிர்ப்பலி விபத்து வாய்ப்பு 4 சதவீதம் ஏறுகிறது. சுவீடனில் வேக வரம்புகளை மாற்றியபோது கிடைத்த தரவுகளை வைத்து ஆய்வாளர் யோரன் நில்சன் வகுத்த விதியும், உயிர்ப்பலி விபத்து சராசரி வேகத்தின் நான்காம் அடுக்காக ஏறும் என்று, இதைத்தான் சொல்கிறது. சராசரி இறங்க வேண்டுமென்றால் யாராவது முதலில் இறங்க வேண்டும்.

நாலாம்கியர்

திரும்பும் வண்டிகள் விஷயம் எனக்குத் தெரியாது. நியாயம். ஆனால் அரசுகள் வைக்கும் எண் எப்போதும் பாதுகாப்புக்காகவா? அமெரிக்கா 1974-இல் நாடு முழுக்க 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர், என்று கொண்டுவந்தது பெட்ரோலை மிச்சப்படுத்த.

வரைபடம்

உண்மை. எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்காக வந்த சட்டம். ஆனால் 1973-இல் 54,052 ஆக இருந்த சாலை மரணங்கள் 1974-இல் 45,196 ஆயின. மக்கள் பயணத்தைக் குறைத்ததும் ஒரு காரணம். முழுப் பெருமையையும் வரம்புக்குக் கொடுக்க மாட்டேன். கொஞ்சமும் கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

சும்மாஒருவன்

எல்லாம் சரி. அவசரம் என்று ஒன்று இருக்கிறதே? வேகமாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேருகிறோம் என்பதை யாரும் மறுக்க முடியாதே.

கணக்குவாத்தியார்

10 கிலோமீட்டர் தூரம். 50-இல் 12 நிமிடம். 65-இல் ஒன்பதே கால் நிமிடம் போல. மிச்சம் இரண்டே முக்கால் நிமிடம். அதுவும் வழியில் ஒரு சிக்னலோ, ஒரு திருப்பமோ, முன்னால் ஒரு பஸ்ஸோ இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை முள் அசையாமல் 65-இல் நின்றால். நிஜத்தில் அடுத்த சிவப்பு விளக்கில் 50 கார் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு வேடிக்கை. வேகம் ஏற ஏற லாபம் குறையும். அதே 10 கிலோமீட்டரில் 40-லிருந்து 50-க்கு ஏறினால் 3 நிமிடம் மிச்சம். 100-லிருந்து 110-க்கு ஏறினால் 33 நொடி. விலை மட்டும் வர்க்கமாக ஏறிக்கொண்டே போகும்.

பெயர்வேண்டாம்

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு முறை அழித்துவிட்டேன்.

நான் இடித்தவன். ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. குடித்திருக்கவில்லை. கையில் செல்போன் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. மாலை வெளிச்சம் நன்றாக இருந்தது. 40 வரம்புள்ள சாலை. பிரேக் தடத்தை நாடா வைத்து அளந்து 58 என்று எழுதினார்கள். நான் 50 என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முன் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் வந்திருந்தேன். அதிலிருந்து இறங்கிய பிறகு 58 என்பது ஊர்ந்து போவதுபோல் இருந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர். அவரை நான் பார்த்தேன். இதைத்தான் யாரிடமும் புரியவைக்க முடியவில்லை. நன்றாகப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். 40-இல் வரும் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. நான்தான் அவருடைய கணக்கைப் பொய்யாக்கினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. கதவை அடைப்பது போல. வண்டி நின்ற பிறகு பார்த்தால் அவருடைய மூக்குக்கண்ணாடி என் பானட்டின் மேல் இருந்தது. உடையவில்லை. காது வைக்கும் கம்பி இரண்டும் மடங்கி, யாரோ கழற்றி வைத்தது போல இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன், ஏன் என்று தெரியவில்லை.

பிழைத்தார். ஒரு கால் சரியாகவில்லை, கோல் ஊன்றித்தான் நடக்கிறார். உரிமம் பறிபோனது, வழக்கு இரண்டு ஆண்டுகள் நடந்தது, கையிருப்பு போனது. அவையெல்லாம் ஒரு நாள் முடிந்துவிட்டன. நீதிமன்றத்தில் அவர் மகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?" கடன் வாங்கிய ஒரு ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அதுவரை நானும் நன்றாக ஓட்டுகிறவன் என்றுதான் பெயர் எடுத்திருந்தேன். ஒரு கீறல் விழுந்ததில்லை.

இரவுப்பணி

எழுதியதற்கு நன்றி அண்ணா. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களையும் நாங்கள் பார்ப்பதுண்டு. காயமே இல்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டே இருப்பார்கள்.

நாலாம்கியர்

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. பெயர்வேண்டாம், நீங்கள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதைப் பற்றிச் சொன்னது என் நிலைமை. தினமும் அப்படித்தான் இறங்குகிறேன். இறங்கியதும் முள்ளைப் பார்க்க மாட்டேன், "உணர்வை" நம்புவேன். முதல் பதிவில் வேகமானியைப் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே எண் என்பதில் மட்டும் இன்னும் எனக்கு உடன்பாடு இல்லை.

வரைபடம்

அது வரம்பு. அதற்கு மேல் போகாதே என்றுதான் பொருள், அதில் போ என்று இல்லை. மழையில் நீங்கள் 35-இல் போனால் எந்தப் பலகையும் கோபித்துக்கொள்ளாது.

பாரவண்டி

பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும். ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழி விடுங்கள் தம்பி. 22 ஆண்டுகளாக எனக்குப் பின்னால் ஹாரன் கேட்காத நாள் இல்லை.

நடுவழி

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

இழையை அவனிடம் காட்டவில்லை. காட்டினால் இயர்போன். ஞாயிற்றுக்கிழமை காலை அளவு நாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் எடுத்துக்கொண்டு ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். ஒரு கோடு போட்டேன். வாத்தியார் சொன்ன 28 மீட்டரை அளந்து, அங்கே ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தேன். நடுவில் 18-ஆவது மீட்டரில் இன்னொரு கோடு. "இந்தக் கோடு வரை உன் கால் இன்னும் பிரேக்குக்கே போகவில்லை" என்றேன். அவன் அந்தக் கோட்டின் மேல் நின்று பாட்டிலைப் பார்த்தான். பத்து எட்டு எடுத்து வைத்தால் போய்விடலாம், அவ்வளவுதான் தூரம்.

பாட்டில் இருக்கும் இடத்தில் என்ன வேகம் இருக்கும் என்று கேட்டேன். "பதினைந்து, இருபது" என்றான். வாத்தியாரே, உங்கள் மாணவர்கள் சொன்ன அதே விடை. 50 என்றேன். நம்பவில்லை. செல்போனை எடுத்துத் தானே கணக்குப் போட்டான். மூன்று முறை போட்டான். பிறகு வேகமானி கூட்டிக் காட்டும் என்ற வாதத்தை எடுத்தான், நாலாம்கியர் புண்ணியத்தால் என்னிடம் 42 தயாராக இருந்தது. அதற்கப்புறம் அவன் பேசவில்லை. பாட்டிலை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினான்.

திரும்பி வரும்போது 50 சாலையில் முள் 53, 54-இல் இருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி வைத்த வேன் ஒன்றைக் கடக்கும்போது 40-க்கு இறக்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காரின் திரையில் வேக எச்சரிக்கை மணி வைக்கும் வசதி இருப்பதை அவனே கண்டுபிடித்தான். 55-இல் வைக்கலாம் என்கிறான் அவன். 50 என்கிறேன் நான். இப்போதைய சண்டை அது.